நாப்பது நிமிச மடி

நீங்க உக்காந்து கேளுங்க, நான் நின்னுக்கிட்டே சொல்றேன், எனக்கு அது பழகிப்போச்சு. ஆடி நோம்பி முடிஞ்ச மறு வெசாளக்கெழமை, காலைல பதினோரு மணிக்கு, ஆறாம் நம்பர் டவுன் பஸ்ஸு தேர்முட்டி திரும்புற நேரத்துல, எங்க செம்மேட்டுப்பாளையத்துல உக்காருறதுங்கறதே இல்லாமப் போச்சு. நான் அந்த பஸ்ஸுக்குக் கண்டக்டரு, பேரு வையாபுரி. சீட்டுல இருந்த எங்க ஊருக்காரங்க அத்தனை பேரும் பொசுக்குனு எந்திரிச்சாங்க. எறங்கற எடம் வந்துருச்சாக்கும்னு நான் விசில் ஊதுனேன். ஒருத்தரும் எறங்கல. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு, மறுக்கா உக்காரப் போயி, மறுக்கா எந்திரிச்சு, "என்னடா இது கெரகம்"னு கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. வெளியூர்க்காரங்க மட்டும் சௌகரியமா உக்காந்திருந்தாங்க. டிரைவர் சங்ககிரிக்காரர், அவருக்கும் ஒண்ணுமில்ல.

எப்படி இருக்கும்னு கேக்கறீங்களா? முட்டி பாதி மடங்கும், இடுப்பு எறங்கும், சீட்டுக்கும் நமக்கும் நாலு விரக்கடை இருக்கறப்ப, அடுப்புல பாலை வெச்சுட்டு வந்த மாதிரி நெஞ்சு ஒரு பதறு பதறும், காலு தானா எந்திரிச்சு நின்னுக்கும். அடுப்புல பாலு எதுவும் இருக்காது. ஆனா காலுக்கு யாரு சொல்றது? நிக்கலாம், நடக்கலாம், படுக்கலாம், படுத்தா தூக்கமும் வரும். நடுவால இருக்கற அந்த ஒண்ணு மட்டும் இல்ல.

ஏன் வந்துச்சுன்னு என்னைக் கேக்காதீங்க. தேரு இழுக்காம விட்ட குத்தம்னு ஒருத்தர், புது போர்வெல் தண்ணின்னு ஒருத்தர், செல்போன் டவர்னு ஒருத்தர், காரணம் சொல்ல எங்க ஊருல ஆளுக்கா பஞ்சம்? மொத நாளு அழுதாங்க, ரெண்டாம் நாளு டாக்டரைத் தேடுனாங்க, மூணாம் நாளு கெடா வெட்டுனாங்க, எட்டாம் நாளு பழகிட்டாங்க. டீக்கடை பெஞ்சு பூராவும் கூரை மேல ஏறுச்சு. சலூன்ல ஆளைப் படுக்க வெச்சுச் சவரம் பண்ணுனாங்க. சைக்கிளைப் பெடல் மேல நின்னுக்கிட்டே மிதிச்சாங்க, மொபெட்டெல்லாம் வித்துப் போச்சு. பந்தி இல்ல, இலை இல்ல, கல்யாணத்துல மாப்பிள்ளையும் பொண்ணும் மணவறையில நின்னாங்க, ஐயரும் நின்னாரு, ஓமகுண்டத்தை ஒரு மேசை மேல ஏத்தி வெச்சாங்க. எழவு வீட்டுல பொம்பளைங்க நின்னுக்கிட்டே கட்டிப் புடிச்சு அழுதாங்க. வாய்த்தகராறு, வரப்புத் தகராறு எதுவும் முடிய மாட்டேங்குது, ஏன்னா "வாங்க, உக்காந்து பேசலாம்"னு கூப்புட ஒருத்தருக்கும் வாயி வரல. நாட்டுக்கோழி கூட அடை உக்காரல, முட்டைக்குப் பக்கத்துல நின்னு அதைப் பாத்துக்கிட்டே இருக்கும். ஊரெல்லையில பிள்ளையார் ஒருத்தர்தான் உக்காந்திருந்தாரு, அவரைக் கும்புட வர்றவிய கண்ணுல பக்தியை விடப் பொறாமைதான் சாஸ்தி.

இதுல நல்லா இருந்தது பொன்னுரங்கம் ஒருத்தருதான். நூத்திருவது தறி அவருக்கு, ஊருல இருக்கற பார்மசி காலேஜும் அவருதுதான். உக்காந்து பீடி பத்தவெக்க முடியாதவன் என்ன பண்ணுவான், தறியத்தான் ஓட்டுவான். மூணு மாசத்துல உற்பத்தி ஒண்ணரை மடங்காச்சு. 'ஓய்வறியா ஊர் உங்களை வரவேற்கிறது'ன்னு எல்லையில வளைவு கட்டுனாரு. அவராலயும் உக்கார முடியாதுங்கறது வேற விசயம். ஆபீஸ் ரூம்ல தேக்குல ஒரு நாற்காலி, அதைத் தெனமும் அவரே துண்டால தொடைப்பாரு, தொடைச்சுட்டு அதுக்குப் பக்கத்துலயே நின்னுக்கிட்டுக் கையெழுத்துப் போடுவாரு.

என்ற தங்கச்சி தமயந்தி அந்த காலேஜுலதான் டீச்சரு. மருந்து ஒடம்புக்குள்ள போயி என்ன பண்ணுதுங்கற பாடம். உக்காருறது போன அன்னைக்கு அவளுக்கு ஏழு மாசம். எங்க மச்சான் குசராத்துல சாயப் பவுடர் கம்பெனில வேலை, வீடியோல கூப்புடுவாரு, சேர்ல சாஞ்சு உக்காந்துக்கிட்டு "எப்படி இருக்கறே"ம்பாரு. "மொதல்ல எந்திரிச்சு நின்னு பேசுங்க"ன்னு கத்துவா இவ. பாவம் மனுசன், அப்பறம் ஒருக்காலும் உக்காந்து பேசல. புரட்டாசில புள்ள பொறந்துச்சு, பொட்டப்புள்ள, நிறைமதின்னு பேரு வெச்சோம். பால் குடுக்கறது படுத்துக்கிட்டு, இல்லாட்டி செவுத்துல சாஞ்சு நின்னுக்கிட்டு. காலு நரம்பு ரெண்டும் பச்சைக் கயிறாட்டம் பொடைச்சுப் போச்சு அவளுக்கு. அதைச் சொல்லி அவ ஒருநாளும் அழுததில்ல.

அவ அழுதது வேற ஒண்ணுக்கு. மடிங்கறது உக்காந்தாத்தானுங்களே மடி? ஊரே எந்திரிச்சு நின்னதுல, ஊருல இருந்த மடி பூராவும் ஒரே நாளுல காணாமப் போச்சு. அதுக்கப்பறம் பொறந்த புள்ளைங்க கையிலயும் தொட்டில்லயும் தோளுலயும் வளந்துச்சு. ஏழு மாசம், எட்டு மாசம் ஆயும் எதுவும் உக்காரல, படுத்திருக்கும், பொரண்டு தவழும், அங்கிருந்து நேரா செவுத்தைப் புடிச்சு எந்திரிக்கப் பாக்கும். நிறைமதியும் அப்படித்தான், ஒரு எடத்துல கெடக்காது, காலு ரெண்டும் விறைப்பா ஒதைச்சுக்கிட்டே இருக்கும்.

"அண்ணா, பதினொண்ணாம் மாசம் காது குத்தோணும். மாமன் மடில வெச்சுத்தான் குத்தோணும்"னு ஒருநாள் மத்தியானம் சொன்னா.

"ஊருல எல்லாரும் நின்னுக்கிட்டே குத்தறாங்கல்லோ அம்முணி. நானும் தூக்கிப் புடிச்சுக்கறேன்."

"காதுக்கு இல்லண்ணா." மூக்கை உறிஞ்சுனா. "அது ஒரு சாக்கு. இவ வருசம் திரும்புனா நடந்துருவா. நடக்கற புள்ள மடிக்கு வராது. மடின்னா என்னன்னே தெரியாம ஒரு புள்ள வளந்துருமாண்ணா? ஒருக்கா, ஒரே ஒருக்கா, இவ ஒரு மடில இருக்கோணும். அப்பறம் ஊரு எப்படியோ போகட்டும்."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும், சொல்லு"ன்னேன். "தெனமும் ரெண்டு மணிக்கு டூட்டி முடிச்சு லேபுக்கு வந்து புள்ளையத் தூக்கி வெச்சுக்கோ, நான் படிக்கோணும்"னா. ஒம்பது வருசமாச் சொல்லிக் குடுக்கற பாடத்தை என்னத்தைப் படிக்கறதுன்னு கேட்டேன். "ஒம்பது வருசமா நோட்ஸ் வாசிச்சேண்ணா. இன்னும் படிக்கல"ன்னா.

அப்படி ஆரம்பிச்சதுங்க. நான் புள்ளையத் தோளுல போட்டுக்கிட்டு லேபுல குறுக்கும் நெடுக்கும் நடப்பேன், அவ புஸ்தகத்தை ஜன்னல் கட்டைல வெச்சு, காலு மாத்திக் காலு மாத்தி நின்னு படிப்பா, புரிஞ்சா எனக்குச் சொல்லுவா, எனக்குப் புரியலைன்னா அவளுக்கும் புரியலைன்னு அர்த்தம், மறுக்கா படிப்பா. "ஒடம்புல ஒவ்வொரு செல்லு மேலயும் சின்னச் சின்ன இருக்கை இருக்குது, ரிசெப்டர்னு பேரு, ரத்தத்துல வர்ற சரக்கு அதுல போயி உக்காந்தாத்தான் உள்ள வேலை நடக்கும்"னா. "நல்லா இருக்குதே ஞாயம்! ஒடம்புக்குள்ள இத்தனை சீட்டு, ஒடம்பு உக்கார ஒரு சீட்டு இல்ல"ன்னேன். சிரிச்சா. அவ சிரிச்சு மாசக்கணக்காச்சு.

லேபுல ஒரு கண்ணாடிக் குழாய், அதுல வெதுவெதுப்பா உப்புத் தண்ணி, அடியில இருந்து காத்து குமிழ் குமிழா வரும். பாய் கடையில நாட்டுக்கோழி அறுக்கறப்ப ஒரு விரல் நீளம் குடலை வாங்கியாந்து, நூல்ல கட்டி, அதுக்குள்ள தொங்க விடுவா. நூலோட மறுமுனையில ஒரு குச்சி. குச்சி முனை, கரிப்புகை புடிச்ச காயிதம் சுத்துன உருளையில தொட்டுக்கிட்டு இருக்கும், உருளை மெல்லச் சுத்தும். குடல் இறுகுனா கோடு மேல போகும், தளந்தா கீழ வரும். சங்ககிரிக் கோழிக் குடல் ஏறி எறங்கிக் கொஞ்ச நேரத்துல அமைதி ஆயிரும். எங்க ஊருக் கோழிக் குடல் இருக்குதே, செத்தும் அடங்காது, கோடு மேலயே துடிச்சுக்கிட்டு நிக்கும். அந்தக் கோட்டைக் கீழ எறக்கற சரக்கு எதுவோ அதுதான் மருந்துன்னா.

இது ஊருல பரவுனதும் பாக்கோணுமே! லேபு வாசல்ல வரிசை. ஜாதிக்காய் கொண்டாந்தாங்க, கசகசா கொண்டாந்தாங்க, சங்கு உரைச்ச பாலு, பழனித் திருநீறு, நாள்பட்ட வேப்பெண்ணெய், மாமியா அழுத கண்ணீருன்னு ஒருத்தி இங்க் பில்லர்ல புடிச்சாந்தா. எல்லாத்தையும் கரைச்சு, ஒரு சொட்டு விட்டு, கோட்டைப் பாத்து, இல்லைன்னு எழுதுவா. ஒருத்தரையும் கோவிச்சதில்ல. கோடு எறங்கலைன்னதும் கொண்டாந்தவிய மொகம் தொங்கும், ஆனா போக மாட்டாங்க, அடுத்தவன் சொட்டுக்கு என்ன ஆகுதுன்னு நின்னு பாப்பாங்க. எங்க ஊருக்கு அது ஒரு சினிமாவாட்டம் ஆகிப்போச்சு.

அப்படி இருக்கறப்ப ஒருநாளு நான் சொன்னேன், "உலகத்துல நல்லா உக்காருறது அடைக்கோழிதான் அம்முணி, இருவத்தோரு நாளு எந்திரிக்காது." சும்மா வாய்க்கு வந்ததுங்க. அவ புஸ்தகத்தை மூடுனா. மறுநாளே சங்ககிரியில இருந்து ஒரு அடைக்கோழி என்ற பஸ்ஸுல வந்துச்சு. கூடையில முட்டை மேல மகாராணியாட்டம் உக்காந்திருந்துச்சு, பஸ்ஸுல நின்னவியெல்லாம் அதையே வெறிச்சாங்க. அதோட ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து, வடிச்சு, பிரிச்சு, காச்சி, கடைசியில ஒரு சரக்கைப் புடிச்சுட்டா. ஊருக்காரங்க ஒடம்புல இந்தச் சரக்கு வத்திப் போச்சு, ஊத்துனாச் சரியாப் போகும்னு துள்ளுனா.

சங்ககிரிக் கோழிக் குடலுக்கு ஒரு சொட்டு விட்டா. கோடு எறங்க ஆரம்பிச்சுது. பத்து சொட்டுக்குத் தரையத் தொட்டுது. எங்க ஊருக் குடலுக்கு ஒரு சொட்டு விட்டா, ஒண்ணுமில்ல. பத்து சொட்டு, ம்ஹூம். நூறு சொட்டு விட்டப்பத்தான் கோடு முழுசா எறங்குச்சு. அப்படியே செவுத்துல சாஞ்சுட்டா. "போச்சுண்ணா. நூறு சொட்டுக்கு எத்தனை கோழி வேணும்! அவ்வளவும் ஒரு ஒடம்புல ஊத்துனா, தனக்குச் சேராத இருக்கையில எல்லாம் போயி உக்காந்துக்கும், நெஞ்சுல உக்காரும், நுரையீரல்ல உக்காரும், ஆளைக் கொன்னுரும்."

நான் புள்ளையத் தட்டிக்கிட்டே அந்தக் கரிக் காயிதத்தைப் பாத்தேன். "கடைசியில முழுசா எறங்குச்சா இல்லையா?"

"எறங்குச்சு. சங்ககிரிக் குடல் அளவுக்கே."

"அப்ப சீட்டு உடையல அம்முணி. உடைஞ்சிருந்தா எத்தனை பேரு ஏறுனாலும் பஸ்ஸு ரொம்பாது. இது துண்டு."

"என்ன துண்டு?"

"திருச்செங்கோட்டு பஸ் ஸ்டாண்டுல வந்து பாரு. வண்டி நிக்கறதுக்குள்ள ஜன்னல் வழியாத் துண்டு உள்ள வந்து உழும். துண்டு டிக்கெட் எடுக்காது, எறங்காது, ஒரு பிரயோசனம் கெடையாது, ஆனா இன்னொருத்தனை அந்தச் சீட்டுல உக்கார உடாது. பத்துப் பேரு ஏறுனா எல்லாரும் துண்டைப் பாத்துட்டு நின்னுக்குவான். நூறு பேரு ஏறி நெரிச்சாத்தான் எவனாவது துண்டை எடுத்துக் கடாசிட்டு உக்காருவான்."

அவ என்னையே பாத்தா. அப்பறம் போர்டுக்கு ஓடுனா, ஒரு கோடு போட்டா, அதே கோட்டை வலது பக்கமா, சொட்டு சாஸ்தியாகற பக்கமாத் தள்ளி இன்னொண்ணு போட்டா. "ஆன்டகோனிஸ்ட்! அண்ணா, இது நான் ஒம்பது வருசமாப் போர்டுல போடற கோடு. ரெண்டு மார்க் கேள்வி இது! தானும் வேலை செய்யாம, அடுத்ததையும் உக்கார உடாம எடத்தை அடைச்சுக்கறது. பசங்களுக்குப் போட்டுப் போட்டு... நான் ஒருக்கா கூட இதைப் பாக்கலண்ணா!" தலையில அடிச்சுக்கிட்டா, சிரிச்சா, புள்ளைய வாங்கிக் கொஞ்சுனா, அது இவ தலைமுடியப் புடிச்சு இழுத்துச்சு.

"யாரு போட்ட துண்டு அது?"ன்னு கேட்டேன். தெரியலைன்னா. எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, யாருகிட்டயும் சொன்னதில்ல, இப்பச் சொல்றேன். எங்க ஊருல கூப்புட்டுப் பாருங்க, "வாங்க, சித்தெ உக்காருங்க"ன்னு. எவனும் உக்கார மாட்டான். "தறியில இந்தப் பாவு ஓடட்டும், அப்பறம் உக்காந்துக்கறேன்", "புள்ள கல்யாணம் முடியட்டும், அப்பறம்", "இந்த லோடு ஏறட்டும், அப்பறம்". அப்பனும் அப்பறம்னான், பாட்டனும் அப்பறம்னான். அந்த அப்பறத்துக்குன்னு ஆளாளுக்குப் போட்டு வெச்ச துண்டு, துண்டுக்காரன் திரும்பி வராமலே செத்துப் போனா, சீட்டுல கெடக்காம எங்க போகும்? இது கண்டக்டர் கணக்கு. புஸ்தகத்துல இருக்காது.

அதுக்கப்பறம் அவ புடிச்சா பாருங்க ஒரு பிடி. துண்டை நகத்திட்டு உக்காருற சரக்கு வேணும். அடைக்கோழிச் சரக்கை எடுத்து, அதோட உருவத்தை மாத்தி, அதுக்கு ஒரு பக்கம் கையை நீட்டி உடுவா, ஒரு பக்கம் காலைக் குறைப்பா, ஒரு தலப்பா கட்டுவா, கட்டுனதை அவுப்பா, ஒவ்வொண்ணையும் ஒரு சீசாவுல அடைச்சு நம்பர் போட்டு, குடலுக்குக் காட்டுவா. ஒண்ணு இருக்கைக்கே போகாது. ஒண்ணு போகும், போயி அதுவும் துண்டாட்டம் சும்மா கெடக்கும். ஒண்ணு அரை மனசா வேலை செய்யும். வைகாசி போச்சு, ஆனி போச்சு. அம்பத்தெட்டாம் சீசாவுல இருந்து ஒரே ஒரு சொட்டு உழுந்துச்சு, எங்க ஊருக் கோழிக் குடல் பெருமூச்சு விட்ட மாதிரி தளந்து, கோடு தரையத் தொட்டு, அங்கயே நின்னுக்குச்சு. வாசல்ல இருந்த ஜனம் கை தட்டுச்சு.

அந்தச் சத்தம் பொன்னுரங்கத்துக்குக் கேட்டுருச்சு. மறுநாள் காலைல லேபுக்குப் பெரிய பூட்டு. தமயந்தி போயிக் கேட்டா. "ஊரு நல்லாத்தானம்மா இருக்குது, அரிக்காத தலைய எதுக்குச் சொறியறே? பசங்களுக்குப் பாடம் நடத்து, போ"ன்னாரு. சொன்னப்ப அவரு கண்ணு தேக்கு நாற்காலி மேலதான் இருந்துச்சாம். காச்சுன மருந்துல அவ கைப்பையில இருந்த சீசா ஒண்ணுதான் தப்புச்சு. எங்க ஊட்டு நாட்டுக்கோழிக்கு அதுல ரெண்டு சொட்டு குடுத்துப் பாத்தா. அது முட்டையச் சுத்தி வந்து, நின்னு, யோசிச்சு, றெக்கைய விரிச்சு உக்காந்துச்சு. சரியா நாப்பது நிமிசம். அப்பறம் எந்திரிச்சுருச்சு. மிச்சம் இருந்தது ஒரு ஆளுக்குத்தான் ஆகும், அதுவும் ஒருக்காத்தான்.

சீசாவைக் கையில வெச்சுக்கிட்டு அவ காலு மாத்திக் காலு மாத்தி நின்னா. நான் அவ காலைப் பாத்தேன். "நீயே குடி அம்முணி. மாமன் மடியெல்லாம் ஒரு சாங்கியம், பெத்தவ மடிதான் மடி"ன்னேன். "நான் குடிச்சா நாடி யாரு பாக்கறது, நிமிசம் யாரு குறிக்கறது? சரியாக் குறிச்சாத்தான், பூட்டைத் தொறக்கறப்ப, அடுத்த சீசாவை ஊருக்கே காச்ச முடியும். புள்ளைக்குப் பாலு வழியாக் கூடச் சோதிக்காத மருந்து ஒரு சொட்டும் கெடையாது. நீ குடி. நான் அப்பறம் உக்காந்துக்கறேன்"னா. சொல்லிட்டு, "உனக்கு ஏதாவது ஆச்சுன்னா?"ன்னு என்ற கையப் புடிச்சுக்கிட்டா. "ஆனா ஆகட்டும், கல்யாணமாகாதவன்தானே"ன்னேன். சிரிக்கலை அவ.

ஆடி பொறந்துருச்சு, ஆடியில குத்த மாட்டாங்கன்னு ஆவணி மொத முகூர்த்தம், புள்ளைக்குப் பதினொண்ணாம் மாசம் முடிய ஒரு வாரம் இருக்கறப்ப, பிள்ளையார் கோயில் அரச மரத்தடியில ஜமுக்காளம் விரிச்சோம். ஊரே வந்து சுத்தி நின்னுச்சு. பத்து இருவதுக்குக் குடிச்சேன், வேப்பம்பட்டையாட்டம் கசப்பு. அஞ்சு நிமிசம் ஒண்ணுமில்ல. அப்பறம் மெல்ல, காலுக்குள்ள வருசம் பூரா யாரோ கூப்புட்டுக்கிட்டே இருந்த குரல் ஒண்ணு நின்னு போச்சு. முட்டி மடங்குச்சு. நாலு விரக்கடை, மூணு விரக்கடை. அடுப்புல பாலு இல்ல. எங்கயும் எதுவும் பொங்கல. உக்காந்துட்டேன் சாமி.

ஊரு ஒரு சத்தம் போட்டுச்சு பாருங்க. சில பேரு கண்ணைத் தொடைச்சாங்க. பொன்னுரங்கம் கூட்டத்தை வெலக்கிக்கிட்டு வந்தாரு, என்னைத் திட்டப் போறாருன்னு பாத்தேன். குனிஞ்சு, யாருக்கும் கேக்காத மாதிரி, "ஏப்பா வையாபுரி, எப்படிப்பா இருக்குது உக்காந்தா?"ன்னாரு. "அண்ணாங், சொல்லத் தெரியலீங்க"ன்னேன். அப்பறம் மடிப்பையில இருந்து லேபுச் சாவிய எடுத்து, தமயந்தி நோட்டு மேல வெச்சுட்டு ஓரமாப் போயிட்டாரு.

புள்ளைய என்ற மடில வெச்சாங்க. பலகையாட்டம் கெடந்துச்சு, காலை நீட்டி விறைச்சுக்கிட்டு, மடங்கவே இல்ல. நான் தொடையை ஆட்டுனேன், வயித்துல கை குடுத்தேன், "இது மடிடா சாமி, மாமன் மடி"ன்னேன். கொஞ்சம் கொஞ்சமா இடுப்பு எளகுச்சு. முதுகை என்ற வயித்துல சாச்சுச்சு. ஆசாரி நின்னபடியே குனிஞ்சு ரெண்டு காதும் குத்துனாரு, வீல்னு ஒரு கத்தல், வெல்லத்தை வாயில வெச்சதும் விக்கல், அப்பறம் என்ற சட்டைப் பட்டனைப் புடிச்சுக்கிட்டு, அந்தப் புள்ள, ஒரு எடத்துல கெடக்காத புள்ள, அசையாம இருந்துச்சு. 

தமயந்தி பக்கத்துலயே நின்னு என்ற மணிக்கட்டைப் புடிச்சு எழுதிக்கிட்டு இருந்தா. அவளுக்கு உக்காரத்தான் வராது, படுக்கலாமே? "அம்முணி, நோட்டை வெய்யி. இன்னொரு தொடை சும்மாதான் இருக்குது. படுத்து, தலைய இப்படி வெய்யி"ன்னேன்.

"இருண்ணா, இருவத்தெட்டு நிமிசம், நாடி எழுபத்திரெண்டு, எழுதிக்கறேன்."

"அம்முணி, வா."

"இதோண்ணா. முப்பத்தி மூணு. இந்த ஒரு வரி. அப்பறம்."

முப்பத்தி ஒம்பதாம் நிமிசம் காலுக்குள்ள குரல் திரும்பி வந்துச்சு. நான் பல்லைக் கடிச்சேன், ஜமுக்காளத்தைப் புடிச்சேன், பிள்ளையாரைத் திட்டுனேன். பிரயோசனமில்ல. புள்ளையத் தூக்கிக்கிட்டுக் காலு எந்திரிச்சுருச்சு. அவ பேனாவை மூடிட்டு நிமுந்தா, மடி இல்ல. என்ற தொடை இருந்த எடத்தை அப்படியே பாத்தா. அந்த மொகத்தை நான் இன்னொருக்கா பாக்கக் கூடாது. "நாப்பது நிமிசம்"னு சொன்னா. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த நோட்டைப் புடுங்கிக் கெணத்துல போட்டுருப்பேன்.

புள்ளையச் செத்த நேரம் ஜமுக்காளத்துல எறக்கி விட்டேன், எப்பவும் போல என்ற முட்டியப் புடிச்சுக்க வெச்சு நிக்க உட்டேன். நின்னுச்சு. எங்களை ஒருக்கா அண்ணாந்து பாத்துச்சு, எல்லாரும் ஒசரமா நின்னுக்கிட்டு இருந்தோம். அப்பறம் நான் எந்திரிச்ச எடம், இன்னும் சூடா இருந்துச்சோ என்னமோ, அங்க தவழ்ந்து போயி, பின்பக்கத்தைத் தொபுக்குனு போட்டு, காலை விரிச்சு, உக்காந்துக்குச்சு. மருந்தும் இல்ல, மாயமும் இல்ல. அதோட இருக்கையில துண்டு போட யாருக்கும் நேரம் கெடைச்சிருக்காது, உக்காருறதுன்னு ஒண்ணு இருக்குதுன்னு அதுக்கு இதுவரைக்கும் யாரும் காட்டல, அவ்வளவுதான்னு நான் நெனச்சுக்கிட்டேன். மூச்சு விடாமப் பாத்தோம். அது கம்மல் காதைத் தடவிப் பாத்துச்சு, வெல்லத்தை நக்குச்சு, ரெண்டு கையாலயும் தன் தொடையத் தட்டிச் சிரிச்சுச்சு. எந்திரிக்கவே இல்ல.

"டீச்சர், இதை எழுதுங்க, மணி பதினொண்ணு எட்டு"ன்னு ஒரு பொண்ணு, அவகிட்டப் படிக்கறவ, நோட்டை எடுத்து நீட்டுனா.

"எழுதறது அப்பறம்"னா தமயந்தி.

சொல்லிட்டு, பட்டுச் சேலையோட, ஊரு பாக்க, பொடைச்ச காலை நீட்டி, மண்ணுல படுத்தா. மெல்ல நகந்து போயி, அந்தப் புள்ளையோட மடியில, உள்ளங்கை அகலம் கூட இருக்காது, அதுல தன் நெத்திய வெச்சா. புள்ள குனிஞ்சு பாத்துட்டு, வெல்லப் பிசுபிசுப்புக் கையை அவ தலை மேல வெச்சுக்குச்சு.